அயல்நாட்டில் வாழ்வோர் வீட்டுக்கடனும் வரி மீட்சியும்

பொருளை ஈட்டுதற்கு ஒருவகை அறிவும், ஈட்டிய பொருளைக் காத்தற்கு வேறொருவகை அறிவும் வேண்டப்படும். முன்னதை நம் இளைஞர் கல்லூரியிலும் தொழிற்சாலையிலும் கற்றுக்கொள்கின்றனர்; பின்னதை எவரும் முறையாகக் கற்பிப்பதில்லை. ஆகலின், பல ஆண்டுகள் பாலைவன வெயிலிலும் கடலலை நடுவிலும் உழைத்துச் சேர்த்த பொருளிற் சட்டப்படி தமக்கே உரிய ஒரு பகுதியைக் கேளாமலே கைவிடுவோர் நம்மிடையே பலர் உளர். அத்தகைய ஒரு பகுதியைப்பற்றி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாஞ்சில் நாட்டிலும் அதனையடுத்த கல்குளம், விளவங்கோடு வட்டங்களிலும் அயல்நாட்டு உத்தியோகம் புதிதன்று. இன்று குளச்சல் முதலிய கடற்கரை ஊர்களினின்று கப்பற்பணிக்கும் வளைகுடா நாடுகளின் மீன்பிடி தொழிலுக்கும் செல்வோரும், மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கங்களினின்று பொறியாளராகவும் செவிலியராகவும் கொத்தர் தச்சராகவும் செல்வோரும் பலர். இவர்கள் முதன்முதற் செய்வது யாது? ஊரில் ஒரு வீடு கட்டுதல். கைப்பணம் போதாதாயின் வங்கியிற் கடன் வாங்குகின்றனர். வீடு முடிந்தபின் குடும்பம் அதில் வாழும். அல்லது வாடகைக்கு விடப்படும். இவ்விடத்திலேயே வருமான வரிச் சட்டம் குறுக்கிடுகின்றது.

வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இந்தியாவில் வருமான வரியை 1860-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வில்சன் என்னும் நிதியமைச்சர் புகுத்தினார். அந்நாளில் நம் பகுதி திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்தமையின் அச்சட்டம் இங்கே செல்லவில்லை. 1922-ஆம் ஆண்டின் இந்திய வருமான வரிச் சட்டம் 1950 ஏப்ரல் 1 முதற்றான் திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்திற்கு விரிக்கப்பட்டது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் சென்னை இராச்சியத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அதன்பின் வந்த 1961-ஆம் ஆண்டுச் சட்டமே நெடுங்காலம் ஆண்டது. 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1-ஆம் நாளை நடைமுறைத் தொடக்கமாகக் கொண்டது. புதிய சட்டத்திற் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறினவேயன்றி, நாம் எடுத்துக்கொண்ட பொருளின் அடிப்படை மாறவில்லை. ஈண்டுக் கூறும் கணக்குகள் 2025–26 நிதியாண்டிற்கு, அதாவது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இறுதியாண்டிற்கு உரியன.

1. மீட்சி என்பது யாது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் வேண்டும். "வீட்டுக்கடன் வாங்கினால் சர்க்கார் வரிப்பணம் திருப்பித் தரும்" என்று பலர் நினைக்கின்றனர். அஃது உண்மையன்று. மீட்சியென்பது தாம் முன்னரே செலுத்திய வரியில், செலுத்தவேண்டியதற்கு மேற்பட்ட பகுதியைத் திரும்பப் பெறுதலேயாம். இட்ட பாத்திரத்தினின்றே எடுக்க இயலும். இடாத பாத்திரத்தில் யாதும் இராது. இந்தியாவில் ஒரு ரூபாயேனும் வரியாகப் பிடிக்கப்படாத ஒருவர், எத்துணைப் பெருங்கடன் வாங்கி எத்துணை வட்டி கட்டினும், அவருக்குத் திரும்பக் கிடைப்பது ஒன்றுமில்லை. குவைத்திலோ சவூதி அரேபியாவிலோ கூலி பெற்று, அதனை ஊருக்கு அனுப்பித் தவணை கட்டி, அவ்வீட்டில் தம் பெற்றோரை வைத்திருப்பவர், வேறு இந்திய வருமானம் இல்லாதவராயின், இவ்வகுப்பைச் சேர்ந்தவரே. அவர் அயல்நாட்டிற் பெறும் கூலி இந்தியாவில் வரிக்குட்படாது. ஆதலின் அதனின்று கழிக்கவும் இடமில்லை.

அங்ஙனமாயின் எவருக்கு மீட்சி உண்டு? அயல்வாசி ஒருவருக்கு இந்தியாவில் வாடகை வருமேல், அதனைக் கொடுக்கும் குடியிருப்பவர் நூற்றுக்கு 30 வீதமும், அவ்வரியின்மேல் நூற்றுக்கு 4 வீதக் கூடுதல் தீர்வையும், ஆக நூற்றுக்கு 31.20 பிடித்துச் சர்க்காருக்குக் கட்டுதல் வேண்டும். வாடகை எத்துணைச் சிறிதாயினும் இவ்விதி உண்டு. அவ்வாறே என்.ஆர்.ஓ. எனப்படும் வங்கிக் கணக்கின் வட்டியிலும் அதே வீதம் பிடிக்கப்படும், என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு வரி இல்லை. இப்பிடித்தம் மொத்த வரவின்மீது செய்யப்படுவது. உண்மையான வரியோ செலவும் கழிவும் போக எஞ்சிய நிகர வருமானத்தின்மீது விதிக்கப்படுவது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேற்றுமையே மீட்சியின் ஊற்று.

2. அயல்வாசி யார்?

சட்டம் குடியுரிமையைக் கேளாது. ஏப்ரல் முதல் மார்ச்சு வரையுள்ள நிதியாண்டில் இந்தியாவில் தங்கிய நாட்களையே எண்ணுகின்றது. 182 நாளோ அதற்கு மேலோ தங்கியவர் உள்நாட்டு வாசி. வேலையின் பொருட்டு வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகன் அவ்வாண்டில் 182 நாளுக்குக் குறைவாகத் தங்கினால் அயல்வாசியாவர். இதன் நுட்பத்தைப் பாருங்கள்: ஒருவர் செப்டம்பர் 28-ஆம் நாள் விமானம் ஏறினால் அவர் தங்கியது 181 நாள், செப்டம்பர் 30-ஆம் நாள் ஏறினால் 183 நாள். இரண்டு நாள் வேற்றுமையால் அவ்வாண்டு முழுவதும் அவர் உள்நாட்டு வாசியாகி, வெளிநாட்டுச் சம்பளத்தையும் இங்கே கணக்குக் காட்டவேண்டியவராகலாம். கப்பற்பணியாளர்க்கோ, பணியேற்பும் பணிவிடுப்பும் குறிக்கப்படும் அவர்தம் சான்றேடே நாட்கணக்கிற்கு ஆதாரம். இந்தியாவில் 15 இலட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உடையவர்க்கு 2020-ஆம் ஆண்டு முதல் இன்னும் கடுமையான விதிகள் உள. அத்தகையோர் கணக்கரைக் கலந்துகொள்ளுதல் நலம்.

3. வீட்டு வருமானம் கணிக்கப்படும் முறை

வாடகைக்கு விட்ட வீடாயின், ஆண்டு வாடகையினின்று உரிமையாளர் செலுத்திய வீட்டு வரியை முதலிற் கழிக்க. எஞ்சியதில் நூற்றுக்கு 30 பங்கு பழுதுபார்த்தல் முதலியவற்றிற்காகக் கழிக்கப்படும். உண்மையில் அவ்வளவு செலவு ஆயிற்றா என்று எவரும் வினவார். பின்னர்க் கடன் வட்டி முழுவதும் கழிக்கப்படும். இம்மூன்று கழிவுகளும் அயல்வாசிக்கும் உள்நாட்டு வாசிக்கும் ஒன்றே.

தாமோ தம் குடும்பமோ வாழும் வீடாயின் வருமானம் சுன்னம் என்று கொள்ளப்படும். அதற்கு வாங்கிய கடனின் வட்டியில் ஆண்டிற்கு 2,00,000 ரூபாய் வரை கழிக்கலாம். ஆயினும், கடன் வாங்கிய நிதியாண்டின் முடிவினின்று ஐந்து ஆண்டுகளுக்குள் வீடு கட்டி முடிக்கப்படல் வேண்டும். இன்றேல் 30,000 ரூபாயே கிடைக்கும். விடுமுறைதோறும் வந்து சிறிது சிறிதாகக் கட்டுவோர் இதனை மறத்தலாகாது. கட்டி முடியுமுன் செலுத்திய வட்டியும் வீணாகாது. வீடு முடிந்த ஆண்டு முதல் ஐந்து சம பங்காகக் கழிக்கப்படும்.

வங்கிக்கடனே வேண்டுமென்பதும் இல்லை. உறவினரிடமோ நண்பரிடமோ வாங்கிய கடனாயினும், நகையை அடகு வைத்துப் பெற்ற கடனாயினும், அப்பணம் வீட்டிற்கே செலவாயிற்றென்று மெய்ப்பிக்கக் கூடுமாயின் வட்டி கழிவுக்குரியது. முதலை அடைப்பதற்குரிய கழிவோ வேறு. அது வங்கி முதலிய குறிப்பிட்ட நிறுவனங்களின் கடனுக்கே உண்டு. சேமநிதி, ஆயுள் காப்புறுதி முதலியவற்றோடு சேர்த்து ஆண்டிற்கு 1,50,000 ரூபாய்க்கு மேற்படாது. பத்திரப்பதிவுக் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் இதனுள் அடங்கும். வீட்டைக் கைக்கொண்ட நிதியாண்டின் முடிவினின்று ஐந்து ஆண்டுகளுக்குள் அதனை விற்பின், கொடுத்த கழிவு மீண்டும் வருமானத்திற் சேர்க்கப்படும்.

4. இரு முறைகள்

2023–24 நிதியாண்டு முதல், ஒருவர் வேறு கேளாவிடின் புதிய முறையே அவருக்கு உரியதாகக் கொள்ளப்படும். இதில் வரிவீதம் தாழ்வு. 2025–26-இல் முதல் 4,00,000 ரூபாய்க்கு வரி இல்லை. ஆனால் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கும், கடன்முதல் அடைத்தலுக்கும் கழிவு கிடையாது. வாடகை வீட்டின் வட்டி வாடகையளவிற்குக் கழியும். அதற்கு மேற்பட்ட நட்டத்தை வேறு வருமானத்தோடு ஈடுசெய்தல் இயலாது. பழைய முறையில் வரியில்லாத எல்லை 2,50,000 ரூபாய், வீதம் உயர்வு, கழிவுகளோ பல. நட்டத்தை 2,00,000 ரூபாய் வரை பிற வருமானத்தோடு ஈடுசெய்து, எஞ்சியதை எட்டு ஆண்டுகள் முன்கொண்டு செல்லலாம். பழைய முறையை விரும்புவோர் குறித்த நாளுக்குள், பெரும்பாலும் சூலை 31-க்குள், கணக்குக் கொடுத்தே ஆகவேண்டும். நாள் தவறினால் அவ்வாண்டிற்கு அவ்வுரிமை போயிற்று.

இன்னுமொன்று: சிறு வருமானமுடையார்க்கு வரியையே நீக்கிவிடும் தள்ளுபடி உள்நாட்டு வாசிக்கு மட்டுமே உரியது. 12 இலட்சம் வரை வரி இல்லை என்று செய்தித்தாளிற் படித்து மகிழ்ந்த அயல்வாசி இதனை மனத்திற்கொள்க.

5. இரண்டு உதாரணங்கள்

துபாயில் வேலை பார்க்கும் ஒருவர் நாகர்கோவிலில் உள்ள தம் வீட்டை மாதம் 30,000 ரூபாய்க்கு விட்டிருக்கின்றார் எனக் கொள்வோம். ஆண்டு வாடகை 3,60,000 ரூபாய். மாநகராட்சிக்குக் கட்டிய வீட்டு வரி 10,000, எஞ்சியது 3,50,000. அதில் நூற்றுக்கு 30 ஆகிய 1,05,000 கழிந்தால் 2,45,000. கடன் வட்டி 3,10,000. ஆகவே நட்டம் 65,000. இவர்க்கு என்.ஆர்.ஓ. வைப்புத்தொகையில் வட்டி 2,00,000 ரூபாய் உண்டு. குடியிருப்பவர் பிடித்தது 1,12,320. வங்கி பிடித்தது 62,400. கூட்டுத்தொகை 1,74,720 ரூபாய்.

புதிய முறையில் வீட்டு நட்டம் ஈடுபெறாதாயினும், எஞ்சும் 2,00,000 ரூபாய் வரியெல்லைக்குக் கீழே நிற்கின்றது. பழைய முறையில் நட்டம் கழிந்து 1,35,000. இரண்டிலும் வரி இல்லை. 1,74,720 ரூபாயும் மீளும். இத்தொகை அவருடைய வீட்டு வாடகையில் ஏறத்தாழ ஆறு மாதத்திற்கு ஒப்பாகும். இதனைக் கேளாதிருத்தல் எத்துணை இழப்பு!

எனினும் இதில் கடனின் பங்கு எவ்வளவு? கடனே இல்லையென்று வைத்துக்கொண்டு கணக்கிடுவோம். 2,45,000-உம் 2,00,000-உம் சேர்ந்து 4,45,000. புதிய முறையில் வரி 45,000-க்கு நூற்றுக்கு 5 ஆக 2,250; கூடுதல் தீர்வை 90; ஆக 2,340. அப்பொழுதும் 1,72,380 ரூபாய் மீண்டிருக்கும். எனவே மீட்சியின் பெரும்பகுதி கடனால் வந்ததன்று. மொத்த வரவின்மேல் மிகையாகப் பிடித்ததனால் வந்ததே. கடன் இல்லாத வீட்டுக்காரரும் இப்பாடத்திற்கு அயலாரல்லர். வருமானம் உயருந்தோறும் கடன்வட்டியின் வலிமையும் உயரும். பழைய முறையில் நூற்றுக்கு 20 வீதப் படியில் நிற்கும் வாடகை வருமானத்தினின்று 3,10,000 ரூபாய் வட்டி முழுதும் கழியுமாயின் வரியிற் குறைவது 64,480 ரூபாய்.

இனி இரண்டாவது. சென்னையில் மாதம் 2,00,000 ரூபாய் சம்பளம் பெற்ற பொறியாளர் ஒருவர் ஆகஸ்டு 31-ஆம் நாள் வெளிநாட்டு வேலைக்குச் சென்றார். தங்கியது 153 நாள்; ஆகலின் அயல்வாசி. ஐந்து மாதச் சம்பளம் 10,00,000 ரூபாய். முதலாளி, அவர் ஆண்டு முழுதும் வேலை செய்வாரென்று எண்ணிப் புதிய முறையிற் கணக்கிட்டிருந்தால், ஐந்து மாதத்திற் பிடித்தது 1,21,875 ரூபாய். ஊரில் அவர் பெற்றோர் வாழும் வீட்டின் கடன் வட்டி 2,60,000. சேமநிதியும் கடன்முதலும் சேர்ந்து 1,50,000.

புதிய முறையில் நிலைக்கழிவு 75,000 போக 9,25,000. வரி 32,500, கூடுதல் தீர்வை 1,300, ஆக 33,800. பழைய முறையில் நிலைக்கழிவு 50,000, வட்டி 2,00,000, சேமிப்பு 1,50,000 போக 6,00,000. அதற்கும் வரி 32,500, தீர்வையோடு 33,800! இரு வழியிலும் மீட்சி ஏறத்தாழ 88,000 ரூபாய். வட்டி 2,00,000 ரூபாய்க்குக் கீழே குறைந்திருந்தாற் புதிய முறை நன்று. வேறு கழிவு சிறிது கூடியிருந்தாற் பழைய முறை நன்று. ஆகவே, "இன்ன முறையே சிறந்தது" என்று பிறர் கூறக் கேட்டு ஒழுகாமல், தத்தம் எண்களை இருமுறையிலும் இட்டுப் பார்ப்பதே அறிவுடைமை.

6. எவர் பெயரில்?

நம் குடும்பங்களில் அன்பினால் விளையும் ஒரு சிக்கல் உண்டு. நிலம் தாயின் பெயரில். கடன் மகன் பெயரில். தவணை கட்டுவதும் மகனே. இந்நிலையில் மகன் வட்டிக்கழிவு கேட்க இயலாது. வீட்டுக்கு உரிமையாளர் அல்லரன்றோ? உரிமையாளராகிய தாயோ கடன்காரர் அல்லர். இருவருக்கும் பயனின்றி ஆண்டுதோறும் கழிவு வீணாகும். கிரயப் பத்திரத்திலும் கடன் பத்திரத்திலும் கணவன் மனைவி இருவர் பெயரும் இருந்து, இருவரும் தவணை செலுத்துவராயின், குடியிருக்கும் வீட்டிற்குப் பழைய முறையில் ஒவ்வொருவரும் 2,00,000 ரூபாய் வரை கேட்கலாம். கல் நாட்டுமுன்னரே இதனைத் தீர்மானித்தல் வேண்டும். கூரை எழுந்தபின் பத்திரத்தை மாற்றுதல் செலவும் தொல்லையுமாம்.

வீட்டையும் வீட்டுமனையையும் அயல்வாழ் இந்தியர் தடையின்றி வாங்கலாம், வயல், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடந்தராது, பிதிரார்ச்சிதமாகப் பெறலாம். நெல்வயலும் தென்னந்தோப்பும் ரப்பர்த் தோட்டமும் சூழ்ந்த நம் மாவட்டத்தில், மனையென்று சொல்லி விற்கப்படுவது ஆவணத்தில் யாதெனக் காண்பது இன்றியமையாதது.

7. கேட்கும் வழி

முதலாவது, பான் எண் உயிரோடிருத்தல் வேண்டும். ஆதாரோடு இணைக்கப்படாத பான் எண்கள் 2023 சூலை 1 முதற் செயலற்றனவாயின. அயல்வாசிக்கு அவ்விணைப்பினின்று விலக்கு உண்டு. ஆனால் தாம் அயல்வாசி என்பதைத் துறையின் ஏட்டிற் பதியாதவர் எண்ணும் செயலிழந்தது. செயலற்ற எண்ணுக்கு மீட்சி வாராது.

இரண்டாவது, குடியிருப்பவர் டான் எனப்படும் எண் பெற்று, பிடித்த வரியைக் கட்டி, காலாண்டுக் கணக்குக் கொடுத்து, சான்று தருதல் வேண்டும். வீட்டுக்காரரின் பான் எண்ணை ஓரெழுத்துத் தவறாக எழுதினும் வரி வேறொருவர் கணக்கில் ஏறும். ஆதலின் படிவம் 26 ஏ.எஸ்.-இல் தம் பெயரில் எல்லாத் தொகையும் வந்துளவா என்று பார்த்த பின்னரே கணக்குக் கொடுத்தல் வேண்டும். ஊரிலுள்ள தந்தையாரிடம் வாடகையைக் கையிற் கொடுத்துவிட்டு, வரி பிடித்தலை எவரும் அறியாதிருப்பது நம் பக்கத்து வழக்கம். அவ்வழக்கிற் குற்றவாளியாவது குடியிருப்பவரே. அவருக்கு இதனை எடுத்துச் சொல்லுதல் வீட்டுக்காரரின் கடமை.

மூன்றாவது, வங்கியினின்று வட்டியும் முதலும் தனித்தனியே காட்டும் ஆண்டுச் சான்று பெறுக. கடன் எண், தேதி, தொகை, நிலுவை ஆகியன கணக்குப் படிவத்திற் கேட்கப்படும்.

நான்காவது, அயல்வாசிக்கு எளிய முதற்படிவம் உதவாது. நம் உதாரணங்களில் வந்தோர்க்கு உரியது ஐ.டி.ஆர். 2. அதனை மின்வழி அனுப்பி, 30 நாளுக்குள் மெய்ப்பித்து உறுதிசெய்தல் வேண்டும். இவ்வுறுதியின்றி அனுப்பியது அனுப்பாததற்குச் சமம். மீட்சித்தொகை, துறையின் தளத்தில் முன்னரே சரிபார்க்கப்பட்ட வங்கிக் கணக்கிற்கே வரும்.

சூலை 31 தவறினால் டிசம்பர் 31 வரை காலங்கடந்த கணக்குக் கொடுக்கலாம். அதுவும் தவறினால், பிந்திக் கொடுக்கும் திருத்தக் கணக்கின்மூலம் மீட்சி கேட்க வழியில்லை. தக்க காரணம் காட்டித் தாமதத்தைப் பொறுக்குமாறு மேலதிகாரிகளுக்கு விண்ணப்பிப்பதொன்றே எஞ்சும். 2024 அக்டோபரில் வெளிவந்த ஆணைப்படி அதற்கும் மதிப்பீட்டாண்டின் முடிவினின்று ஐந்து ஆண்டே எல்லை.

நோய் வந்தபின் மருந்து தேடுவதினும் வாராமற் காத்தல் நன்றன்றோ? தம் உண்மை வரி சிறிதென்று அறிந்தவர், ஆண்டுத் தொடக்கத்திலேயே வருமான வரி அதிகாரிக்கு விண்ணப்பித்து, குறைந்த வீதத்திற் பிடிக்கவோ பிடிக்காதிருக்கவோ சான்று பெறலாம். அச்சான்றைக் கண்ட குடியிருப்பவர் நூற்றுக்கு 31.20 பிடிக்கவேண்டுவதில்லை, பணமும் ஓராண்டு அயலிற் கிடக்க வேண்டுவதில்லை.

முடிவுரை

மீட்சி உரிமையாயின், உரியதற்கு மேற்பட்டதைக் கேட்டல் களவாம். கட்டாத வட்டியைக் கட்டியதாகவும், இல்லாத காப்புறுதியை உள்ளதாகவும் எழுதி, "பெருந்தொகை வாங்கித் தருவேன், அதில் எனக்குப் பங்கு தருக" என்று வரும் இடைத்தரகர் பலர் உளர். இத்தகைய பொய்க்கழிவுகளை நாடி 2025 சூலை 14-ஆம் நாள் வருமான வரித்துறை நாட்டின் பலவிடங்களிற் சோதனை செய்தது. பொய்க்கணக்கிற்குத் தண்டம், மறைத்த வரியைப்போல் இருமடங்கு வரை ஏறும். தரகர் தம் பங்கைப் பெற்று அகல்வர். கையொப்பம் இட்டவரே விடையிறுப்பர்.

மாணவ நேயர்களே! உங்களிற் பலர் விரைவிற் கடல் கடப்பீர்கள். சிலர் இப்பொழுதே அங்கிருக்கும் அண்ணன்மாருக்கும் தந்தைமாருக்கும் ஊரிலிருந்து கணக்கு எழுதுபவராயிருப்பீர்கள். ஏட்டிற் கற்ற கூட்டலும் கழித்தலும் உங்கள் குடும்பத்திற்கு உதவும் இடம் இதுவே. பயண நாட்களைக் குறித்து வையுங்கள், பத்திரத்திலுள்ள பெயர்களைப் படியுங்கள், வரிப்பிடித்தத்தை ஆண்டுதோறும் ஒத்துப் பாருங்கள், இருமுறையிலும் கணக்கிடுங்கள், நாள் தவறாது அனுப்புங்கள். உரியதைக் கேட்க அஞ்சற்க. உரியதல்லாததைக் கேட்க நாணுக. இவ்விரண்டும் ஒருங்கே உடையவரையே கற்றவர் என்று உலகம் மதிக்கும்.